மெஷினோடு வரும் செயின்

கடைக்காரர் மூன்றாவது காந்த டிரில்லையும் இரும்புத் தூணில் ஒட்டவைத்தார். "பிடிச்சுத் தொங்குங்கம்மா, அசையாது."

அமலோற்பவம் தொங்கவில்லை. பழைய மெஷின் தலையில் விழுந்து கணவர் போனதிலிருந்து பட்டறையை அவள்தான் பார்க்கிறாள்.

"கரண்ட் போனா?"

"நீங்க பாத்த மூணுலயும் காந்தம் விட்டுரும். அதுக்குத்தான் மெஷினோட செயின் வருது. தூணோட சேத்துக் கட்டிட்டா கீழ விழாது. முதல்ல அதத்தான் தொலைப்பாங்க."

அவள் கணவர் அதைத் தொலைக்கவில்லை. நாய் கயிற்றைக் கடித்து அறுத்துவிடுகிறது என்று இவள் சொன்ன அன்றே மெஷினிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். காலையில்கூட நாயை அதில் கட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

"இந்த மெஷினையே போடுங்க. கூட இன்னொரு செயின் வேணும்."

"மெஷின் ஒண்ணுதானேம்மா?"

"ஆமா" என்றாள். இன்னொரு செயினுக்காக நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.