இருபத்தேழாம் பக்கம்

தவறு இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தது.

காலையில் பேருந்தில் தன் ஆய்வேட்டைப் புரட்டும்போதுதான் அவள் கண்ணில் பட்டது. சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரு வித்தியாசத்தால் வகுத்திருக்கிறாள். அந்த வித்தியாசம் பூஜ்ஜியமாக இருந்துவிட்டால்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாதென்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இவள் எம்.எஸ்ஸி. கணிதம், கடைசி செமஸ்டர்.

நான்கு பிரதிகள். கறுப்பு ரெக்ஸின் அட்டை, பொன்னெழுத்தில் பெயர். இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

வெளியூரிலிருந்து வைவா என்னும் வாய்மொழித் தேர்வை நடத்த வந்த பேராசிரியர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவளுடைய கைடு கோமதி மேடம். வந்தவருக்கு மாணவர்தான் வடை வாங்கி வைக்க வேண்டும். வாங்கி வைத்த வடை ஆறிக்கொண்டிருந்தது.

பலகையில் எழுதி விளக்கினாள். இருபத்தாறிலிருந்து இருபத்தெட்டுக்கு ஒரே தாவு.

இதில் தேறினால் ஒன்றாம் தேதி சென்னையில் வேலை. தேறாவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி இதே அறை. கம்பெனி அதுவரை காத்திருக்காது.

"நல்லாருக்கும்மா. கேள்வி ஒண்ணும் இல்ல."

அவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

அப்பாடா என்றிருந்தது. ஓடிவிடலாம்.

கால் நகரவில்லை. தப்பித்துவிட்டோம், பிறகு ஏன் இத்தனை எரிச்சல் என்று அவளுக்கே புரியவில்லை.

"சார், இருபத்தேழாம் பக்கம்..."

மேடம் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

பேராசிரியர் பக்கத்தைத் திருப்பி அவள் பார்க்கும்படி வைத்தார். அந்த வரியைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

"நேத்தே பாத்துட்டேம்மா. வேலை கெடச்சிருச்சுன்னு மேடம் சொன்னாங்க. இனிமே ஒனக்கு இதெல்லாம் எதுக்கு? ஆராய்ச்சிக்குப் போற பிள்ளைன்னா கேட்டிருப்பேன்."

அன்பாகத்தான் சொன்னார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் இந்தக் கணக்கோடுதான் தூங்கி எழுந்திருக்கிறாள்.

மேடம் கண்ணாலேயே போ என்றார். கையெழுத்து இன்னும் விழவில்லை.

அவள் பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதை எல்லாம் அழித்தாள்.

"கேளுங்க சார்."