நோட்டீஸ் போர்டு முன்னால் நின்றவர்

"அந்தம்மாவை யாரோ விலைக்கு வாங்கிட்டாங்க. நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ" என்று அத்தை கல்யாணப் பெண்ணின் காதைக் கடித்தாள்.

அத்தை என்றால் கட்டிக்கொள்ளப் போகிறவனுடைய அத்தை. அவன் பக்கத்துச் சாட்சி அவள்தான்.

நகராட்சிக் கட்டடத்து முதல் மாடியில் ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்தவர்கள். மணி பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. கல்யாணப் பதிவேட்டை வைத்திருக்கும் கிளார்க் அம்மா இன்னும் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

முதலில், பெண்ணின் போட்டோவில் காது தெரியவில்லை என்றாள். முடியை ஒதுக்கி, காதைக் காட்டி வேறு எடுத்து வந்தார்கள். அடுத்து, பையனின் கையெழுத்து கோணல் என்று வெள்ளைத்தாளில் ஆறு தரம் போடச் சொன்னாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கை. ஆறும் ஆறு விதமாக வந்தது. கடைசியாக, பெண் பக்கத்துச் சாட்சியான தோழியின் கார்டு நகல் மங்கல் என்று அவளை ஜெராக்ஸ் கடைக்கு விரட்டினாள்.

"ஒரு மணிக்கு ஆபீசர் மீட்டிங் போயிடுவாராம். விட்டா மூணு வாரம் கழிச்சுத்தான் தேதியாம்" என்றான் அவன்.

மூன்று வாரமா? பெண்ணுக்குப் பயமெல்லாம் அப்பாவை நினைத்துத்தான்.

அப்பா தையல்காரர். பிறந்ததிலிருந்து அவள் போட்டதெல்லாம் அவர் தைத்தது. இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடையில் வாங்கிய ரவிக்கை, அதுவும் கக்கத்தில் பிடித்துக்கொண்டு உயிரை வாங்கியது. மூன்று மாதத்துக்கு முன்னால் விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "எவனோ லிஃப்ட் ரிப்பேர்காரனைக் கட்டிக்கப் போறவளுக்கு என்கிட்ட என்ன பேச்சு" என்று மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னவர்தான். அன்றைக்குத் தோழி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. இவர்கள் இரண்டு பேர் போட்டோவும் ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதமாக நோட்டீஸ் தொங்குகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பெட்டி முன்னால் அப்பா நிற்பதைத் தோழி மூன்று தடவை பார்த்துவிட்டாள். கண்கொட்டாமல் பையன் போட்டோவையே முறைத்தாராம். விரலை விரித்துக் கண்ணாடிமேல் வைத்து என்னமோ முணுமுணுத்தாராம்.

ஆளை அடையாளம் பார்த்துக்கொள்கிறார், வேறென்ன என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பையன் பக்கத்துக் கடைக்கு நடந்து போனால்கூட ஹெல்மெட்டோடுதான் போனான்.

கிளார்க் அம்மாவின் போன் அடித்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். ஆனால் குரலை மறைக்கத் தெரியவில்லை.

"இன்னும் ஆகலை. நானும் எவ்வளவு நேரம்தான் இழுக்கறது? சீக்கிரம் வாங்கய்யா."

அத்தை 'பார்த்தியா' என்று புருவத்தைத் தூக்கினாள்.

பெண் எழுந்து நேரே மேஜைக்குப் போனாள்.

"யாருக்காக இழுக்கறீங்க மேடம்? எங்கப்பாவுக்கா?"

"ஆமா" என்றாள் கிளார்க் அம்மா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "போய் உக்காரும்மா."

உட்காருவதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். அப்பா. முகமெல்லாம் வேர்வை, கழுத்தில் அவசரத்தில் கழற்ற மறந்த அளவு டேப், கையில் துணிப்பை. பையனின் கை தானாக ஹெல்மெட்டைத் தேடியது.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. "நேரம் இருக்குங்களா மேடம்?"

"இருக்கு இருக்கு." கிளார்க் அம்மா பேனா மூடியைத் திறந்து, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். "பொண்ணு பக்கத்துச் சாட்சி இந்த இடத்துல."

மூச்சிரைக்க ஜெராக்ஸோடு வந்து நின்ற தோழியிடம், "வேண்டாம்மா, உன் பழைய காப்பியே பளிச்சுன்னுதான் இருந்துச்சு" என்றாள்.

அப்பா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்பா... நீங்க நோட்டீஸ் முன்னால வந்து வந்து நின்னது ஆட்சேபம் எழுதிக் கொடுக்கத்தான்னு..."

"ஆட்சேபமா?" கிளார்க் அம்மா சிரித்துவிட்டாள். "பெட்டியைத் திறந்து விடு, கண்ணாடி மறைக்குதுன்னு என் உயிரை எடுத்தார்மா மனுஷன்."

அப்பா பையிலிருந்து புதுச்சட்டை ஒன்றை எடுத்து உதறினார். பையனைத் திருப்பி நிறுத்தி முதுகில் வைத்துப் பார்த்தார். தோளுக்குத் தோள் கனகச்சிதம். கை இரண்டு மட்டும் ஓரம் அடிக்காமல் நூலும் பிசிறுமாகத் தொங்கின.

"போட்டோவை வெச்சா தைச்சீங்க?" என்று அத்தை வாயைப் பிளந்தாள்.

"பக்கத்துலயே இவ போட்டோ இருந்துச்சே. இவ தோள் அளவு எனக்குத் தெரியாதா? அதை வெச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டேன்" என்றபடி, சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவினார் அப்பா. "ஆனா பாழாப்போன போட்டோ தோளோட நின்னுபோச்சு, கை எவ்வளவுன்னு தெரியலை. கொஞ்சம் நீட்டுங்க மாப்பிள்ளை."