கனக்கும் கால்

“ஆன்ட்டி, தண்ணிக்குள்ள படுத்த மாதிரி மிதக்கணும். நீங்க நிக்கிறீங்க!”

“நான் என்னம்மா பண்ணட்டும்? காலு தானா கீழ போகுது!” ஸ்கூபா கற்க வந்த பருமனான பெண்மணி நீச்சல்குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

பயிற்சி கொடுத்த அக்கா, ஆன்ட்டியின் இடுப்பு பெல்ட்டில், மூழ்குவதற்காகக் கோத்திருந்த ஈயக் கட்டிகளைக் கழற்றி முதுகு சிலிண்டரின் மேல்பக்கம் மாட்டினாள். கனம் மேலே போனால் கால் உயர வேண்டும். உயரவில்லை.

கரையிலிருந்த தம்பி அக்காவின் காதருகே குனிந்தான். “எடையை மாத்தி என்ன பிரயோஜனம்? சாப்பாட்டை மாத்தச் சொல்லு. இன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் பயிற்சியாளர் லைசென்ஸ் டெஸ்ட். எக்ஸாமினர் வர்ற நேரத்துல இவங்களோட மாரடிக்கிறியே! அனுப்பி விடுக்கா.”

“சும்மா இருடா. குண்டா இருந்தா நல்லா மிதக்கத்தானே செய்யணும்? கால் மட்டும் ஏன் முங்குது?”

கேட்டவள், சட்டென்று தண்ணீருக்குள் முங்கி ஆன்ட்டியின் கணுக்காலைத் தடவினாள். ரப்பர் பூட்ஸுக்குள்ளிருந்து இரண்டு ஈயக் கட்டிகள் வந்தன.

“என்ன ஆன்ட்டி இது?”

ஆன்ட்டி, சிலிண்டரில் இருந்த கட்டிகளைத் தானே இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். பலகை போல் நேராகப் படுத்து, காலில் மாட்டியிருந்த துடுப்பை லேசாக அசைத்துப் பின்பக்கமாகவே நீந்திக் காட்டினாள். மேலே வந்தபோது மூச்சு வாங்கவில்லை.

“நீ பாஸும்மா. இதைக் கண்டுபிடிக்கிறியான்னு பார்க்கத்தான் மாணவி மாதிரி வந்தேன்.”

பிறகு கரைப் பக்கம் திரும்பினாள்.

“அடுத்தது நீங்கதானே தம்பி? இறங்குங்க. என் சாப்பாட்டைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”