தானாக ஏறும் வெந்நீர்

"மூணு நாளா காலையில இந்த ராக்கப்பனைக் காணோமே. இழுத்துப் போர்த்திட்டுத் தூங்குறானா?"

இன்ஜினீயர் சிவசங்கரன் கேட்டதும், குளியலறை முன் துண்டோடு வரிசையில் நின்றவர்கள் நெளிந்தார்கள்.

"டூட்டிக்கு வந்துருவான் சார்" என்றான் மணிகண்டன்.

"என் சிஸ்டம் ஜெயிச்சிடுச்சுல்ல? அந்தப் பொறாமை!"

தபூக் பக்கம் அரபுப் பாலைவனத்தில் சைட் கேம்ப். ஜனவரிக் குளிர். ஜெனரேட்டர் நினைத்தால் ஓடும். நின்றால் பம்பும் நிற்கும். விறகு பாய்லரின் வெந்நீர் கூரைத் தொட்டிக்கு ஏறாது. முப்பது பேருக்கும் பச்சைத் தண்ணீர்தான்.

"சூடான தண்ணி தானா மேலே ஏறும், ஆறினது தானா கீழே இறங்கும். பம்பே வேண்டாம்" என்று சிவசங்கரன்தான் போன வாரம் புது பைப் போடவைத்தார்.

பிளம்பர் ராக்கப்பன் அன்றைக்கே தலையைச் சொறிந்தான்.

"கதவுக்கு மேல பைப்பு ஏறி இறங்குது சார். காத்து அடைச்சுக்கும். தண்ணி ஏறாது."

"நீ எந்த காலேஜ்?"

அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான்.

மூன்று நாளாக ஜெனரேட்டர் படுத்துக் கிடக்கிறது. இருந்தும் இதோ, குழாயைத் திறந்ததும் ஆவி பறக்கிறது.

"பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் சயின்ஸ்!"

எல்லாரும் கை தட்டினார்கள். தொட்டியையும் வீடியோ எடுத்துவிடலாம் என்று போனோடு பின்பக்கம் போனார் சிவசங்கரன்.

ஏணியில் பாதி உயரத்தில் ராக்கப்பன். கையில் கொதிக்கும் பக்கெட். முன்கை முழுக்கக் கொப்புளம்.

"என்னடா இது?"

"தண்ணி ஏறல சார். அப்படியே விட்டா பாய்லர் வெடிச்சுரும். பயலுகளும் குளிர்ல செத்துருவானுங்க. அதான் பாய்லர்ல பிடிச்சு மேலே தொட்டியில ஊத்துறேன்."

"மூணு நாளாவா?"

"ஆமா சார்."

சிவசங்கரன் போனைப் பைக்குள் போட்டார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். நாலு பேர் முன்னாடி உங்களுக்கு அசிங்கமாயிரக் கூடாதுல்ல."

அவன் இறங்கி வரும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நாளைக்கு ஹெட் ஆபீஸ்லருந்து ஆறு பேர் இதைப் பாக்க வர்றாங்க ராக்கப்பா. இன்னும் ரெண்டு பேரைச் சேத்துக்க. ஏணியில செருப்புச் சத்தம் மட்டும் கேக்கக் கூடாது."