வலது கால்

ஸ்பேனர்மேல் ஏறி நின்ற பிறகுதான் கார்ச் சக்கரத்தின் கடைசி நட்டு இளகியது.

அவள் இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். போர்ட்டிகோவில் சக்கர நாற்காலியில் இருந்த கணவர் இந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று ஒரு கண் பார்த்தாள்.

பார்க்கவில்லை.

பக்கவாதம் வந்ததில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. 'இல்ல' என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ நாக்கில் தங்கிவிட்டது. சோறு வேண்டுமென்றாலும் இல்ல. போதுமென்றாலும் இல்ல. ஃபேன் போடச் சொல்வதற்கும் அதேதான்.

பயிற்சி கொடுக்க வரும் ரெஜினா தினமும் அவருடைய வலது பாதத்தின் கீழே ஒரு ரப்பர் பந்தை வைப்பாள்.

"அமுக்குங்கப்பா. ஒரே ஒரு வாட்டி."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கால் செத்துவிடவில்லை, மனசுதான் வரவில்லை. இன்னும் நாள் போனால் மனசு வந்தாலும் கால் வராது. போன வாரம் கேட்டருகே நின்று ரெஜினா இதைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனசு வைத்த ஒரே பொருள் இந்தக் கார்தான். வாங்கின நாளிலிருந்து எந்த மெக்கானிக்கும் அதைத் தொட்டதில்லை. அடுத்தவன் கை பட்டால் வண்டி கெட்டுவிடும் என்பார். அந்த அடுத்தவனில் மனைவியும் சேர்த்தி. ஓட்டக் கற்றுக்கொடுத்த மகராசன் பானெட்டைத் திறக்க மட்டும் விட்டதே இல்லை.

இப்போது ஓட்டுவது அவள். பிரேக்கை மிதித்தால் முன் சக்கரங்கள் கிறீச்சிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு கிறீச்சுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

ஒர்க் ஷாப்பில் விட்டிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்து வேறொருவன் இந்தக் காரைப் பிரித்தால், மனுஷர் அதோடு எல்லாவற்றையும் கைகழுவிவிடுவார் என்று பயந்தாள்.

அதனால்தான் செல்போனில் வீடியோ பார்த்தாள். புது பிரேக் பேடு வாங்கி வந்தாள். ஜாக்கி எங்கே இருக்கிறது என்று வீடெல்லாம் தேடினாள்.

பழைய பேடுகள் தேய்ந்து இரும்பு தெரிந்தது.

பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற பிஸ்டன் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீடியோவில் காட்டியபடி கிளாம்ப்பை வைத்துத் திருகி அதை உள்ளே தள்ளினாள். புதுசை மாட்டினாள். அடுத்த பக்கமும் அப்படியே. கை இரண்டும் கரி. விரல் முட்டியில் தோல் உரிந்து எரிந்தது.

சக்கரத்தை மாட்டுகிற இடம் வந்ததும் வேலை முடிந்தது என்று வீடியோவை அங்கேயே நிறுத்தியிருந்தாள்.

சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

"என்னங்க, நானே மாத்திட்டேன். ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்."

"இல்ல" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகினாள். பின்னால் கேட் திறந்திருந்தது. கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் இறக்கம். ரோட்டில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரிவர்ஸ் கியர் போட்டாள்.

"இல்ல. இல்ல."

ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தாள்.

"இல்ல!"

இத்தனை நாளில் அவர் அப்படிக் கத்தியதில்லை. அவள் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

அவர் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பிறகு குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

செருப்பு கழன்று கிடந்தது. பாதம் நாற்காலியின் கால்மிதியை அமுக்கியது. விட்டது. அமுக்கியது.

அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பிரேக் வேலை முடிந்தால் அவர் உடனே வண்டியை எடுக்கமாட்டார். எஞ்சினைக் கிளப்பாமல் உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். இளைப்பாறுகிறார் என்று இவள் காபி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

எஞ்சினை அணைத்தாள். பிரேக்கை மிதித்தாள்.

பெடல் வெறுமனே தரை வரைக்கும் போயிற்று. பிடிப்பே இல்லை.

உள்ளே தள்ளிய பிஸ்டன் உள்ளேயே இருந்திருக்கிறது. இந்த வண்டியில் பிரேக்கே இல்லை. பின்னால் அந்த இறக்கம், அந்தப் பிள்ளைகள்.

மறுபடி மிதித்தாள். மறுபடியும். பிஸ்டன் நகர்ந்து பேடைத் தொட, மெல்ல மெல்லப் பெடல் மேலே வந்து கெட்டிப்பட்டது. போதும், இனி வண்டியை எடுக்கலாம்.

நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது எந்தக் கால் என்று பார்த்தாள்.

கூப்பிட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

டயருக்குக் கீழே எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் இருந்தன.

அவர் அமுக்கினார். அவளும் மிதித்தாள்.

பெடல் இறுகி வெகு நேரமாகிவிட்டது. அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.