வெட்டாத சட்டை

கொழும்பிலிருந்து மூட்டையாக வந்த பழைய துணிகளை வெட்டி, கண்காட்சிக்குப் பெரிய ஒட்டுச் சித்திரம் தைத்துக்கொண்டிருந்தார்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். றோசலின் மட்டும் ஒரு நீலச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கழுத்தோரத்துச் சிவப்புத் தையலைத் தடவியபடி இருந்தாள்.

“ஏன் வெட்டேல்லை?” என்று கேட்டாள் அவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்துக் கௌசி டீச்சர்.

“இத மட்டும் வேணாங்க, டீச்சர்.”

“ஆசையெண்டால் வீட்டுக்குக் கொண்டு போங்கோ.”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். றோசலின் சிவப்புத் தையலை டீச்சரிடம் காட்டினாள்.

“இது நான் தச்சதுங்க. கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன அன்னைக்கு எம்மக டெல்சி இதத்தான் போட்டிருந்தா. அவ போன்ல பேசி ரெண்டு மாசமாச்சு. எப்பக் கேட்டாலும் அவ நல்லா இருக்கான்னு அந்த வீட்டுக்கார நோனாதான் சொல்றாங்க.”

கௌசி சட்டையை வாங்கிக் கவனமாக மடித்தாள்.

“எழும்புங்கோ. பொலிசுக்குப் போவம்.”