மறுமணம் செய்துகொண்டால்

"அவ கொஞ்சம் வெளிய இருக்கட்டும் மேடம். ஒரே ஒரு விஷயம், தனியா சொல்லணும்."

லிஃப்ட் மெக்கானிக் இப்படிச் சொன்னதும் வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்றது.

அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வந்திருந்த கணவன் மனைவி இருவருக்குமே அறுபதை ஒட்டிய வயது. அடுத்த வாரம் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இருந்தாலும் உயிலை எழுதி வைத்துவிட்டுப் படுத்தால் நிம்மதியாகப் படுக்கலாமே என்று வந்திருந்தார்கள்.

"இத்தனை வருஷமா ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் மேல அனுப்பிட்டிருந்த மனுஷன்," என்றாள் மனைவி. "இப்ப இவர் முறை. போனா மறக்காம இறங்கி வந்துடணும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மெக்கானிக் சிரித்தார். வக்கீலம்மாவும் சிரித்துவிட்டார்.

உயில் எழுத வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதை எல்லாம் இவர்களும் கேட்டார்கள். எழுதியதைப் பிறகு மாற்ற முடியுமா? மூச்சு இருக்கிற வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார் வக்கீலம்மா. மகள் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா? சொத்து கிடைக்கப்போகிறவர் சாட்சி போடாமல் இருப்பதே நல்லது. அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்றார். வீடு மெக்கானிக் பெயரில் இருந்தது. அது மனைவிக்கு. வங்கியில் இருப்பதை மனைவியும் மகளும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டியது. சிக்கலே இல்லை.

அப்போதுதான் இந்த "தனியா."

மனைவி முகம் சுளிக்கவில்லை. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

வக்கீலம்மா இதுபோல எத்தனையோ 'தனியா'க்களைப் பார்த்தவர். இந்த வயதில் சின்ன வீடு ஏதாவது இருந்து தொலைக்குமோ என்று ஒரு கணம் நினைத்தார்.

மெக்கானிக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"எனக்கு அப்புறம் அவ வேற யாரையாவது கட்டிக்கிட்டா வீடு என்ன ஆகும்ங்கறதையும் அதுல எழுதிடணும் மேடம். நல்லாத் தெளிவா."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

சின்ன வீடே தேவலை போலிருந்தது. உயிரோடு இருக்கும்போது பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவர்களைத் தெரியும்; செத்த பிறகும் வாசலில் காவல் நிற்கப் பார்க்கிற மனுஷனை என்ன சொல்வது? பொரிந்து தள்ளிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியெல்லாம் நிபந்தனை போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்றார். இதைப் போட்டால் நாளைக்கு வழக்கு என்று வந்து நிற்கும் என்றார். இன்னொருத்தி என்றால் ஆபரேஷன் என்றதுமே கணவனை விட்டுவிட்டுப் போயிருப்பாள், உங்களுக்கு வாய்த்தது அப்படியில்லை என்றும் சொன்னார்.

மெக்கானிக் இடையில் இரண்டு தடவை வாயைத் திறந்தார். பேச இடம் கிடைக்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை. ஏதோ தன் மனைவியைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டதுபோல ஒரு சந்தோஷம்தான் தெரிந்தது. அது வக்கீலம்மாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"சரி, அவங்க முந்திட்டாங்கன்னு வைங்க. நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிப்பீங்களா மாட்டீங்களா?"

"என்னை யாரு மேடம் கட்டிக்குவா?"

"அவங்களைக் கட்டிக்க மட்டும் இந்த வயசுல ஆள் வந்துடுமாக்கும்?"

"வரும் மேடம்," என்றார் அவர், சந்தேகமே இல்லாமல். "அவ அப்படி."

சொத்து அவருடையது, விருப்பமும் அவருடையது. எழுதித்தானே ஆக வேண்டும்? வேண்டா வெறுப்பாகப் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க. அவங்க மறுமணம் செய்துகொண்டால் வீடு யாருக்குப் போகணும்? மகளுக்கா, இல்ல உங்க கூடப் பிறந்தவங்களுக்கா?"

"அவளுக்குத்தான்."

வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு?"

"அவளுக்கேதான் மேடம். அவ யாரைக் கட்டிக்கிட்டாலும் வீடு அவளோடதுதான், வெளிய போன்னு சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லைன்னு போடுங்க."

வக்கீலம்மாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. வீடு மனைவிக்கு என்று எழுதிவிட்டால் அதுவே போதும், அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, இந்த வரிக்கு அவசியமே இல்லை என்று மெதுவாக விளக்கினார்.

"இருக்கட்டும் மேடம். எழுத்துல இருக்கணும்."

"இதுக்கு ஏன் அவங்களை வெளிய அனுப்பினீங்க? கேட்டா சந்தோஷப்படுவாங்களே."

"அழுதுடுவா," என்றார் மெக்கானிக்.

கதவை இன்னொரு முறை பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவளோட முதல் புருஷன் சாகறதுக்கு முன்னாடி, மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா வீடு கிடையாதுன்னு எழுதி வெச்சிட்டுப் போயிருந்தார் மேடம். அது தெரிஞ்சேதான், கைக்குழந்தையா இருந்த மகளைத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டை விட்டு இறங்கி வந்து என்னைக் கட்டிக்கிட்டா."